முதலில் வேலை, அப்புறம் எம்.ஏ.

வெளிநாட்டில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தது பிற்கால வேலைக்கு உதவியதா என்று கேட்கிறவர்களிடம் கூச்சமில்லாமல் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவேன். எப்படி உதவியது என்று கேட்டால்தான் பேச்சை மாற்றுவேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, நீங்கள் நம்மவர்.

பெண் கொடுத்த வீட்டில் லண்டனை எதிர்பார்த்தார்கள். எனக்குக் கிடைத்தது எத்தியோப்பியா. அப்போது அங்கே புதுப்புதுப் பல்கலைக்கழகங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பாடமெல்லாம் இங்கிலீஷில். சொல்லிக்கொடுக்க ஆள் போதாமல் நம்மூர் எம்.ஏ.க்களை டாலர் சம்பளத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த நாட்டுக் காலண்டரில் வருஷத்துக்குப் பதின்மூன்று மாசம் என்று கேள்விப்பட்ட என் மாமனார், டாலரைப் பதின்மூன்றால் பெருக்கி சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு மாசத்துக்கு முப்பது முப்பது நாள், மிச்சம் விழுகிற ஐந்தோ ஆறோ நாள்தான் பதின்மூன்றாவது மாசம், அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது என்று நான் விளக்கினேன். மாப்பிள்ளை ஒரு மாசச் சம்பளத்தை ஒளிக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டார்.

காலண்டராவது சுவரில் கிடந்தது. கடிகாரம்தான் ஆளைக் கவிழ்த்தது. அங்கே மணிக்கணக்கு விடியலிலிருந்து தொடங்குகிறது. நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒரு மணி. (யோசித்தால் அதுதான் நியாயம். ஊரெல்லாம் தூங்கும்போது நடுராத்திரியில் தேதியை மாற்றுகிற நாம்தான் காரணம் சொல்ல வேண்டும்.) முதல் வகுப்பு இரண்டு மணிக்கு என்றார்கள். நான் நிதானமாகச் சாப்பிட்டு, ஒரு கோழித்தூக்கம் போட்டு, முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு டாணென்று மத்தியானம் இரண்டு மணிக்குப் போய் நின்றேன். பிள்ளைகள் காலை எட்டுக்கே வந்து, காத்திருந்து, கலைந்து போயிருந்தார்கள். பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள்தான் என் பவுடரைப் பார்த்தாள். அவளும் முழுசாகப் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடத்தில் பிளாஸ்மா டிவியைப் பார்த்துப் படித்தவர்கள். தென்னாப்பிரிக்காவில் பதிவு செய்த பாடம் சாட்டிலைட் வழியாக வந்து இறங்கும். அது பாட்டுக்குப் பேசிவிட்டுப் போகும். டிவியைக் குறுக்கே கேள்வி கேட்க முடியாது; அந்தப் பழக்கத்தில் என்னையும் கேட்கவில்லை. அரைமணி நேரம் வெளுத்து வாங்கிவிட்டு, “புரிகிறதா?” என்றேன். வகுப்பு மொத்தமும் ‘ஹக்’கென்று மூச்சை உள்ளே இழுத்தது. சட்டென்று குனிந்து என் பேண்ட் ஜிப்பைத்தான் பார்த்தேன். ஜிப் சரியாகவே இருந்தது. அங்கே ‘ஆமாம்’ சொல்வதே அப்படித்தானாம். எனக்கு அது தெரிய ஒரு வாரம், அவர்களுக்கு ஓர் அட்சரமும் புரியவில்லை என்று தெரிய ஒரு பரீட்சை.

அதற்கப்புறம் என் இங்கிலீஷ் அடியோடு மாறியது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம். அதையே இரண்டாம் தடவை, கையசைவோடு. போர்டில் ஒரு படம். மூன்றாம் தடவை, பிள்ளைகளில் யாராவது எனக்குச் சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தவன், இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு “முதலில் ஸ்விட்சை அணை. பிறகு மூடியைத் திற” என்று பாடம் நடத்தினேன்.

ஊர் திரும்பி வேலைக்கு அலைந்தபோது வந்தது வினை. எத்தியோப்பியாவில் ஏசு பிறந்த வருஷத்தை வேறு கணக்கில் வைத்திருப்பதால் அவர்கள் நம்மைவிட ஏழெட்டு வருஷம் பின்னால் இருக்கிறார்கள். 2007 செப்டம்பரில் நான் போய் இறங்கியபோது அவர்கள் 2000 பிறந்ததைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தா என் அனுபவச் சான்றிதழில் அவர்கள் வருஷத்தையே போட்டிருந்தார்.

“எம்.ஏ. 2005-ல முடிச்சிருக்கீங்க. 2000-லயே லெக்சரரா?” என்றார் எச்.ஆர். அம்மணி.

“ஆமாம் மேடம்.”

“2003-ல வேலை முடிஞ்சிருக்கு. பாஸ்போர்ட்ல 2007-லதான் போனதா சீல் இருக்கு. வேலை முடிஞ்சு நாலு வருஷம் கழிச்சா சார் போனீங்க?”

நான் எழுந்து மார்க்கரை எடுத்தேன். போர்டில் இரண்டு காலண்டர் வரைந்தேன். மெதுவாகச் சொன்னேன். கையசைவோடு மறுபடி சொன்னேன். கடைசியில் பக்கத்திலிருந்த மேனேஜரைக் கைகாட்டி, “இப்போது நீங்கள் சொல்லுங்கள்” என்றேன். பாவம், அவரும் எழுந்து நின்று சொன்னார். சரியாகவே சொன்னார். இவ்வளவு குழப்பத்தை இவ்வளவு எளிமையாகச் சொல்கிறவரை விடக் கூடாது என்று, அவர்கள் சாப்ட்வேருக்கு யூசர் மேனுவல் எழுதும் வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள். இப்போதும் அதே பாடம்தான். ஸ்விட்சுக்குப் பதில் லாக்-இன்.

மூச்சிழுக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. ஒரு நாள் மீட்டிங்கில், “நாளைக்கு ரிலீஸ் பண்ணிடலாமா?” என்று மேனேஜர் கேட்டார். தாராளமாக என்கிற அர்த்தத்தில் ‘ஹக்’ என்றேன். அவர் முகம் வெளுத்து ரிலீஸைத் தள்ளிவைத்தார். தேடிப் பார்த்ததில் நிஜமாகவே ஒரு பெரிய கோளாறு இருந்தது. அன்றிலிருந்து ஆபீஸில் நான் மூச்சுவிட்டாலே கவனிக்கிறார்கள்.

வீட்டில் அந்த மரியாதை இல்லை. “சாம்பார். கொஞ்சம். சாதத்தின் மேல்” என்று நான் கையசைத்துச் சொன்னால், “எனக்குக் காது கேட்கும்” என்று மனைவி கரண்டியை நங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். இந்த வருஷ அப்ரைசலில் ‘சொல்ல வந்ததைத் தெளிவாகவும் சுருக்கமாகவும் சொல்கிறார்’ என்று எழுதியிருந்தார்கள். பெருமையாகக் கொண்டுவந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

“ஏங்க, உங்க பேர்ல ஆபீஸ்ல இன்னொருத்தர் இருக்காரா?” என்றாள்.