பாலன் குடிலில் ஒல்லாந்தர்: பேசாலைச் சிற்றுருவப் போரியல் பற்றிய ஓர் ஆய்வு

சிற்றுருவப் போரியல் என்று இக்கட்டுரை குறிப்பது யாதெனில், வயது வந்த ஓர் ஆள் சுண்டுவிரலில் பாதி உயரமுள்ள படைவீரர்களை வாங்கி, கண்ணை இடுக்கிக்கொண்டு அவர்களுக்குச் சட்டை தீட்டி, மேசையில் அணிவகுத்து, பகடை உருட்டி, என்றோ முடிந்துபோன ஒரு சண்டையை மறுபடி நடத்துவதாம். முடிந்துபோன சண்டையை மறுபடி நடத்துவதற்கு எங்கள் பக்கத்தில் கலியாண வீடு என்று பெயர். ஆகவே இத்துறை பேசாலைக்குப் புதிது என்பாரோடு நான் உடன்படேன்.

துறையின் வரலாற்றை விரைந்து கடப்போம். பிரஷ்ய மன்னருக்கு ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் ஒரு போர் மேசை செய்து கொடுத்தார். அவருடைய மகன் 1824இல் அதைத் திருத்த, அது படை அதிகாரிகளின் பயிற்சியாயிற்று. 1893இல் வில்லியம் பிரிட்டன் கம்பனி உள்ளே வெறுமையாயுள்ள ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கியது. 1913இல் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வோர்ஸ்’ என்றொரு நூல் எழுதினார். அந்த வீரர்களைத் தரையில் நிறுத்தி, மரக்குச்சி எறியும் பொம்மைப் பீரங்கியால் விழுத்துவதற்கான விதிகள் அதில் உண்டு. பெரிய போரை விட்டுவிட்டு எல்லோரும் இதை ஆடுங்கள் என்பது அவருடைய வாதம். அடுத்த ஆண்டே பெரியவர்கள் பெரிய போரைத் தொடங்கினார்கள். விதிநூலை யாரும் ஊன்றிப் படிக்கவில்லை என்று தெரிகிறது.

இனிப் பேசாலையின் உரிமையை நிறுவுவோம். எங்கள் ஆலயம் வெற்றி நாயகி அன்னைக்கு உரியது. அந்தப் பட்டம் 1571 ஒக்டோபர் 7இல் நடந்த இலெப்பாந்தோ கடற்சமரால் வந்தது. ஒஸ்மானியக் கப்பற்படையைக் கத்தோலிக்க நேசப்படை தோற்கடித்ததற்கு நன்றியாகப் பாப்பரசர் ஐந்தாம் பயஸ் அந்த விழாவை ஏற்படுத்தினார். பாதுகாவலியின் பெயரிலேயே கடற்சமர் ஒன்றை வைத்திருக்கும் மீன்பிடிக் கிராமத்துக்கு இத்துறையில் முன்வரிசை ஆசனம் கொடுத்தாக வேண்டும். போதாதென்றால் உடக்குப் பாஸ் இருக்கிறது. தபசு காலத்தில் உருவங்களை அசைத்து ஆண்டவருடைய பாடுகளைச் சொல்வது எங்கள் ஊரின் பழைய கலை. உருவங்களை நகர்த்தி வரலாறு சொல்வதுதானே இத்துறை? பகடை மட்டும்தான் குறை. அதுவும் பாடுகளின் கதையில், சிலுவையடியில் போர்ச்சேவகர் அங்கிக்காகச் சீட்டுப்போடும் இடத்தில் வந்துவிடுகிறது.

முதலில் இலெப்பாந்தோவையே மேசைக்குக் கொண்டுவரலாம் என்று இருந்தேன். இருபுறமும் இருநூறுக்கு மேற்பட்ட கலங்கள். கலம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது துடுப்பு. மொத்தம் இருபதாயிரம் துடுப்புக்குக் கணக்கு வந்தது. துடுப்பை விட்டு எஞ்சினுக்கு மாறிவிட்ட ஊரில் இருபதாயிரம் துடுப்புக்கு நான் எங்கே போவேன்? திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்ததாக, 1658 பெப்ரவரியில் ஒல்லாந்தர் எங்கள் மன்னார்த் தீவில் இறங்கிக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த நிகழ்வைத் தெரிந்தெடுத்தேன். கோட்டை 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது. இறங்கிய படைக்குத் தலைவர் வான் கூன்ஸ். கூடவே பால்டேயஸ் என்ற சீர்திருத்த சபைப் போதகர் வந்தார். அவர் இலங்கையையும் மலையாளக் கரையையும் பற்றி எழுதிய பெரிய புத்தகம் 1672இல் அம்ஸ்டர்டாமில் படங்களோடு அச்சாயிற்று. கிட்டிய காலத்துப் போர்களைத் தொடாமல் இவ்வளவு தூரம் பின்னால் போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் கிட்டிய காலத்துப் போருக்கு மேசை தேவைப்படவில்லை. அதை விளையாட்டென்று நினைக்கும் வயதும் எவருக்கும் வாய்க்கவில்லை. 1658இலோ இருபக்கத்திலும் எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை என்று நான் எண்ணினேன். இந்த முற்கோள் எவ்வளவு பிழையானது என்பதை ஆய்வின் பிற்பகுதி காட்டும்.

மருமகன் ஒருவன் நொட்டிங்ஹாமில் இருக்கிறான். சிற்றுருவ வார்ப்புக் கம்பனிகள் நெருங்கிக் கிடப்பதால் அந்த வட்டாரத்துக்கு ஈயப் பட்டி என்றே பட்டப்பெயர். அவன் அனுப்பிய பெட்டியில் பதினேழாம் நூற்றாண்டு வீரர் நாற்பது பேர், துவக்கோடும் ஈட்டியோடும். ஈயம் நஞ்சு என்பதால் இப்போது பிளாஸ்டிக், வெள்ளீயக் கலவை என்று மாறிவிட்டார்கள். எனக்கு இது மனவருத்தமே. 327 பாகையில் உருகும் அந்த உலோகம் எங்கள் வலைகளின் அடிக்கயிற்றில் மணிமணியாகக் கிடக்கிறது. ஆங்கிலேயன் அதைக் குதிரைப்படையாக வார்த்தான். நாங்கள் அதைக் கட்டி மீன் பிடித்துச் சோறு தின்றோம். எது மேலான பயன்பாடு என்பது பிறிதோர் ஆய்வுக்குரியது.

அந்த நூற்றாண்டுப் படைகளுக்கு இன்றுபோல ஒரே சீருடை கிடையாது. ஒரே பெட்டியில் இருந்த நாற்பது பேரை நானே இரண்டு நாடாகப் பிரித்தேன். ஒல்லாந்தருக்குத் தோளில் செம்மஞ்சள் கச்சை. போர்த்துக்கேயருக்குப் பச்சை, அதற்கு வரலாற்றுச் சான்று, பக்கத்து வீட்டு வள்ளத்துக்கு அடித்ததில் மிஞ்சிய எனாமல் அரை டின். ஆனால் இரு படையிலுமே லஸ்கரின்கள் என்ற உள்ளூர் ஆட்கள் பெருமளவில் நின்றார்கள். என் பெட்டியில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. நம் ஆட்கள் இல்லாமல் நம் தீவில் சண்டையா? எட்டுப் பேரின் தொப்பியைச் சீவி, சப்பாத்தைச் சுரண்டி வெறுங்காலாக்கி, டிஷ்யூ பேப்பரைப் பசையில் தோய்த்துச் சாரம் கட்டினேன். இந்த எட்டுப் பேரை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

தீட்டும் முறைக்கு வருவோம். முதலில் அடிப்பூச்சு, மேலே நிறம், அதன் மேல் நீர்த்த கருநிறத்தை ஓடவிட்டால் அது மடிப்புகளில் தேங்கி நிழலாகும், கடைசியில் ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் தடவினால் வெளிச்சம் வரும். சிறிய பொருளில் உண்மையான நிழல் தெரியாது என்பதால் நிழலையும் தீட்டித்தான் ஆகவேண்டும். நிழலுக்கான குழம்பும் பிளேன்டீயும் ஒரே நிறம். இரண்டையும் ஒரே மேசையில் வைக்கக்கூடாது என்பது உலகெங்கும் உள்ள தீட்டுவோர் பிரஷ்ஷைத் தேநீரில் முக்கிக் கற்ற பாடம். நான் குழம்பைக் குடித்துக் கற்றேன்.

கண் வைப்பதா விடுவதா என்பதில் அறிஞர் இரு பிரிவினர். மனிதக் கருவிழியின் குறுக்களவு ஏறத்தாழ 12 மில்லிமீற்றர். 28 மில்லிமீற்றர் வீரன் உண்மை ஆளில் அறுபதில் ஒரு பங்கு. ஆக அவனுடைய கருவிழி 0.2 மில்லிமீற்றர். கை சற்று நடுங்கினால் அவன் ஆந்தையாகிவிடுவான். என் முதல் பன்னிரண்டு ஒல்லாந்தரும் எதையோ கண்டு பயந்தவர்போல நின்றார்கள். பிறகு கடற்கரைக்குப் போய்க் கரைவலை இழுப்பவர்களின் முகங்களைப் பார்த்தேன். வெயிலில் ஒருவருக்கும் கண் தெரியவில்லை. புருவத்துக்குக் கீழே ஒரு கோடு, அவ்வளவுதான். அன்றிலிருந்து பேசாலைப் பள்ளி கண் வைப்பதில்லை. உயரத்தை அளப்பதிலும் இதே வகைச் சச்சரவு உண்டு. உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை அளப்பவர் ஒரு சாரார். தொப்பி மறைக்கும் என்பதால் கண்ணோடு நிறுத்துபவர் மறுசாரார். கண்ணே இல்லாத எங்கள் வீரர்கள் விடயத்தில் இரண்டாவது முறை செல்லாது.

நிலத்தோற்றத்துக்கு இங்கே குறைவில்லை என்று நினைத்தது இன்னொரு பிழை. கடற்கரை மணலையே தட்டில் ஒட்டினேன். ஒரு மில்லிமீற்றர் பருமனுள்ள மணி அறுபது மடங்கில் ஆறு சென்ரிமீற்றர் கல்லாகிறது; மென்மணல் கரை கருங்கல் உடைத்த இடம்போலாயிற்று. அரித்து அரித்துத் தூளை எடுத்தேன். பனைக்கு ஈர்க்கு. பள்ளிமுனைப் பெருக்கமரத்துக்குக் காய்ந்த இஞ்சி. அடி பருத்து, கிளை குறுகி, அச்சு அசல் அதுவேதான். கழுதைக்கு மாதிரி தேட வேண்டியிருக்கவில்லை. மன்னார்த் தீவின் கழுதைகள் உலக அறிவு பெற்றவை. நடுறோட்டில் நின்று, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், தீட்டுபவருக்கு உருவம் கொடுக்கும்.

பகடைக்குப் பதில் சோழி. ஆறு சோழியில் நான்கோ அதற்கு மேலோ மலர்ந்தால் வேட்டுப் பட்டது என்று விதித்தேன். அறுபத்துநான்கு வாய்ப்பில் இருபத்திரண்டு. பகடையில் ஐந்தோ ஆறோ விழுவதைவிட ஒரு மயிரிழை கூட. சோழி நேர்மையானது என்ற எடுகோளின் மேல்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. தாயம் ஆடிய எந்தக் கிழவியும் இதை ஒப்புக்கொள்ளமாட்டாள்.

ஒப்புக்கொள்ளாத அந்தக் கிழவி என் வீட்டிலேயே இருந்தார். மேசையைப் பார்த்த அம்மா கேட்டது ஒரே கேள்வி.

“தம்பி, இதில வேதக்காரர் ஆர்?”

பச்சைக் கச்சையைக் காட்டினேன்.

“அப்ப அவையள்தானே வெல்லுவினம்?”

1658இல் நடந்ததைச் சொன்னேன். ஒல்லாந்தர் குருமாரைத் துரத்தியதையும், கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்ததையும், 1687இல் யோசவ்வாஸ் முனிவர் ஒளித்து வந்து சேரும் வரைக்கும் சனங்கள் பட்ட பாட்டையும் அம்மா எனக்குத் திருப்பிச் சொன்னார். இருபக்கத்திலும் சொந்தக்காரர் இல்லை என்ற என் முற்கோள் அந்த நிமிடமே விழுந்தது.

நத்தார் வந்தது. எங்கள் வீட்டுக் குடிலில் பாலன் சுரூபம் ஒரு சாண். சூசையப்பர் அதைவிடக் கொஞ்சம் பெரியவர். மூவிராசாக்களில் இருவர் பிளாஸ்டர், ஒருவர் பிளாஸ்டிக். ஒட்டகத்தைவிட ஆடு உயரம். 1223இல் கிரேச்சியோவில் அசிசியார் குடில் அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தியதால் அவருக்கு அளவுப் பிரச்சினை வரவில்லை. நமக்கு வருகிறது. ஆனால் இதைப் பிழை என்று சொல்வது அவசரம். யார் முக்கியமோ அவர் பெரிது என்பது பழைய சிற்பிகளின் அளவுகோல். நொட்டிங்ஹாம் அளவுகோலில் ஆளுநரும் சிப்பாயும் ஒரே 28 மில்லிமீற்றர். எது நியாயம்?

மார்கழி 24ஆந் திகதி பின்னேரம் என் மேசையில் லஸ்கரின் எட்டுப் பேரையும் காணவில்லை. சாரம் கட்டி, வெறுங்காலோடு நின்றவர்களை அம்மா இடையர்களாகச் சேர்த்துவிட்டார். துவக்குகளை முறித்தெடுத்து, அந்த இடத்தில் ஈர்க்குத் தடி. போர்த்துக்கேயர் பதினாறு பேர் குடிலைச் சுற்றிக் காவல். “ஏரோதின்ர ஆக்கள் வந்தா?” என்பது அம்மாவின் விளக்கம். நான் தகரப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்த ஒல்லாந்தரை அவர் தொடவேயில்லை.

சண்டையை மூவிராசாக்கள் திருநாளுக்குப் பிறகு வைப்போம் என்றிருந்தேன். பெப்ரவரி 2, மெழுகுதிரித் திருநாள் வரைக்கும் குடில் கலைக்கப்படாது என்றார் அம்மா. கலைத்தபோது பச்சைக் கச்சைக்காரர்களை எண்ணினேன், பதினாறு. இடையர் எட்டு. கழுதைக்குப் பின்னால் இன்னொருவன் நின்றான். துவக்கு இல்லை. அரண்டு விழித்த கண். கச்சை மட்டும் கியூடெக்ஸ் சிவப்பு. நகத்தால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே செம்மஞ்சள். தகரப் பெட்டியைத் திறந்தேன், ஒல்லாந்தர் பதினைந்து பேர்தான்.

“அம்மா, இவன் ஒல்லாந்தன்.”

“இருந்தவன்,” என்றார் அம்மா, அவனைப் பழந்துணியில் சுற்றிச் சூசையப்பருக்குப் பக்கத்தில் பெட்டிக்குள் வைத்தபடி.