மிதக்கும் மேடையும் துவாஸ் கடலும்

அனிமே எனப்படும் ஜப்பானிய இயங்குபடங்களில் விளையாட்டுக் கதை ஒரு தனி வகை. கடும்பயிற்சி, பரம எதிரி, கண்டிப்பான ஆசான், கடைசி நொடியில் வெளிப்படும் மறைநுட்பம் ஆகிய நான்கும் அதன் இலக்கணம். 2016 அக்டோபரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘கெய்ஜோ’, இவ்விலக்கணத்திலிருந்து சற்றும் வழுவாமல், நீச்சலுடைப் பெண்கள் மிதக்கும் மேடையொன்றில் நின்று, கைகால்களால் தாக்காமல் பிட்டத்தாலும் மார்பாலும் மட்டுமே இடித்து எதிராளியைத் தண்ணீரில் தள்ளும் கற்பனைப் பந்தயத்தை, உலகக் கோப்பைக்குரிய முகபாவத்துடன் விவரிக்கிறது. பெண்ணுடலைக் காட்சிப்பொருளாக்குகிறது என்னும் கண்டனம் நியாயமானதே; ஆயினும் கண்டிப்போருள் சிலர், ஆதாரம் குறைவுபடலாகாது என்னும் ஆய்வுப் பொறுப்புணர்வால், பன்னிரண்டு பகுதிகளையும் பார்த்து முடித்த பின்னரே முகஞ்சுளிக்கின்றனர்.

இக்கற்பனைப் பந்தயம் நிஜத்தில் நடத்தப்பட்டாலும், இடத்தை எண்ணிச் செலவிடும் சிங்கப்பூரில் அது வேரூன்ற வாய்ப்பில்லை. 1842இல் தொடங்கிய குதிரைப் பந்தய மரபையே நிலத்தேவை கருதி 2024 அக்டோபரில் முடித்துக்கொண்ட அந்நாடு, துவாஸில் கெய்சான் எனப்படும் பத்து மாடி உயரக் கான்கிரீட் பெட்டிகளைக் கடலில் இறக்கித் துறைமுகம் எழுப்பிவருகிறது. அங்கு நீர்மேல் ஒரு மேடை சும்மா மிதக்கக் காணும் அதிகாரி, ஆடுவோரின் உடையைப் பற்றி வினவுமுன், அதில் எத்தனை கொள்கலன்களை அடுக்கலாம் என்றே கணக்கிடுவார்.