தட்டில் இருக்கிற இங்கிலீஷ்: கேள்வி-பதில்

யு.கே.ஜி. படிக்கும் என் மகன் ஸ்ட்ராபெர்ரி, கிவி, பிராக்கோலி என்று மளமளவென ஒப்பிக்கிறான். இது போதுமா?
*ஓர் அம்மா, கரூர்*

பிராக்கோலியை அவன் கடைசியாக எப்போது சாப்பிட்டான்? நேற்று தட்டில் விழுந்தது கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் என்றால், அவனுக்கு முதலில் வேண்டியது பிரின்ஜாலும் டிரம்ஸ்டிக் லீவ்ஸும்தான். காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். புளியை நாக்கில் வைத்து 'சவர்', பாகற்காயைக் கடித்து 'பிட்டர்', வெண்டைக்காயைத் தொட்டு 'ஸ்லைமி' என்று சொல்லட்டும். பெயர் மட்டும் தெரிந்தால் ஒப்பிக்கலாம். சுவையும் சேர்ந்தால்தான் வாய் திறந்து ஒரு வாக்கியம் பேசலாம்.

கத்தரிக்காய் பிரின்ஜாலா, எக்பிளான்ட்டா, ஓபர்ஜினா?
*ஆறாம் வகுப்பு மாணவி, விருதுநகர்*

நம் நாட்டில் பிரின்ஜால், அமெரிக்காவில் எக்பிளான்ட், இங்கிலாந்தில் ஓபர்ஜின். மூன்றும் சரி. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிடு.

வைட்டமின் ஏ, பி, சி, டி, ஈ வரை வரிசையாக வந்துவிட்டு, திடீரென்று கே-க்குத் தாவுகிறதே, ஏன்?
*ஏழாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்*

நல்ல கண் உனக்கு! நடுவில் இருந்த எழுத்துகளையும் விஞ்ஞானிகள் சூட்டிப் பார்த்தார்கள். எஃப் என்று பெயர் வைத்தது கொழுப்பு அமிலம் என்று தெரிந்தது. ஜி என்பது பி2 ஆனது. ஹெச் என்பது பயோட்டின் என்ற பெயரில் பி குடும்பத்துக்குள் போய்விட்டது. கே மட்டும் வரிசையில் வந்ததே இல்லை. ரத்தம் உறைவதற்கு உதவும் சத்தைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் ஹென்ரிக் டாம். உறைதலைக் குறிக்கும் 'கோயாகுலேஷன்' அங்கே கே-யில்தான் தொடங்கும். அந்த முதலெழுத்தே பெயராகிவிட்டது. 1943-ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அந்த கே உன் வீட்டுக் கீரையில் நிறைய இருக்கிறது.

கஞ்சிக்கு இங்கிலீஷில் என்ன?
*ஒரு தாத்தா, நாகர்கோவில்*

கஞ்சிதான், ஐயா. 'கான்ஜி' என்று ஆங்கில அகராதியில் இருக்கிறது. நம்மிடமிருந்து போன சொல். பேரனிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

வகுப்பில் உடம்பு சரியில்லாத பிள்ளை 'பெயின் மிஸ்' என்பதோடு நிறுத்திவிடுகிறது. எந்தச் சொற்களை முதலில் சொல்லிக்கொடுக்கலாம்?
*நான்காம் வகுப்பு ஆசிரியை, தேனி*

இந்த வாரக் கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். எங்கே, எப்போதிலிருந்து, எப்படி என்று மூன்று கேள்விகளைத்தான் டாக்டர் முதலில் கேட்பார். அவற்றுக்குப் பதில் சொல்லும் சொற்களைக் கொடுங்கள். 'ஹர்ட்ஸ்' என்றால் வலிக்கிறது, 'இட்ச்சஸ்' என்றால் அரிக்கிறது, 'பர்ன்ஸ்' என்றால் எரிகிறது, 'டிஸ்ஸி' என்றால் தலை சுற்றுகிறது. 'சின்ஸ் மார்னிங்' என்று ஒரு துண்டு தெரிந்தால் காலையிலிருந்து என்று சொல்லிவிடும். 'ச்யூ', 'ஸ்வாலோ' இரண்டையும் கட்டாயம் சேருங்கள். பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையை மென்று தின்ன வேண்டும். முழுசாக விழுங்கி அது தொண்டையில் சிக்கிக்கொண்டால் ஆபத்து.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும் என்ற விதி இருந்தாலும், உடம்புக்கு முடியாதபோது அது வேண்டாம். வயிற்றைப் பிசைகிறது, குமட்டுகிறது, நெஞ்சைக் கரிக்கிறது என்று பிள்ளை தமிழில் பிரித்துச் சொன்னால் பாதி வைத்தியம் அங்கேயே தொடங்கிவிடும்.

பிஸ்கட் பாக்கெட்டில் பொடி எழுத்தில் இருப்பதைப் பிள்ளைகள் படித்து என்ன ஆகப்போகிறது?
*ஓர் அப்பா, திருப்பூர்*

நிறைய ஆகும். கடையில் ஒரு பாக்கெட்டை எடுத்து 'இன்கிரீடியன்ட்ஸ்' என்ற இடத்தில் மகளின் விரலை வைக்கச் சொல்லுங்கள். எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். முதலில் 'ரிஃபைன்ட் வீட் ஃப்ளார்', அதாவது மைதா. அடுத்து சுகர். அடுத்து பாமாயில். கோதுமைக் கதிர் படம் முன்பக்கத்தில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அவள் தின்பது இந்த வரிசையைத்தான். 'இன்வர்ட் சுகர் சிரப்', 'லிக்விட் குளுக்கோஸ்' என்று வந்தால் அவையும் சர்க்கரைதான்.

கீழே 'ஆடட் சுகர்ஸ்' என்ற வரியில், நூறு கிராமுக்கு 24 கிராம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாலால் வகுக்கச் சொல்லுங்கள். ஆறு டீஸ்பூன்! சர்க்கரை டப்பாவைத் திறந்து அந்த ஆறையும் ஒரு கிண்ணத்தில் அவளே அளந்து கொட்டட்டும். இங்கிலீஷ், கணக்கு, ஆரோக்கியம் மூன்றும் ஒரே பாக்கெட்டில் முடிந்துவிடும்.

எழுத்துக்கூட்டத் தெரியாத தம்பி இருந்தால் அவனுக்கும் வேலை உண்டு. பச்சை வட்டம் சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம்.

'ஹெல்த் டிரிங்க்' என்றால் ஆரோக்கிய பானம்தானே? பிள்ளைக்குக் கொடுக்கலாமா?
*ஒரு வாசகி, சேலம்*

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையே வரையறுக்கப்படவில்லை. 2024 ஏப்ரலில், இணைய வணிகத் தளங்கள் அந்தத் தலைப்பின்கீழ் பானங்களை விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவுறுத்தியது. ஓ.ஆர்.எஸ். கதையும் இப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் இல்லாத இனிப்புப் பானங்கள் அந்த மூன்றெழுத்தைப் பெயரில் ஒட்டிக்கொண்டு விற்பனையாகின. வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்குச் சர்க்கரை கூடிய பானம் கொடுத்தால் போக்கு இன்னும் அதிகமாகும். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தடை போட்டது. எனவே முன்பக்கத்தை நம்பாதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பேத்திக்கு நான் எப்படி உதவுவது?
*ஒரு பாட்டி, மன்னார்குடி*

நீங்கள் மாணவி ஆகிவிடுங்கள், அம்மா. மருந்துக் கடைக்குப் போகும்போது அவளையும் கூட்டிப் போங்கள். மாத்திரை அட்டையில் 'எக்ஸ்பைரி' எங்கே என்று அவள் தேடி, மாதத்தையும் வருஷத்தையும் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். நாலு மாத்திரை மட்டும் வெட்டி வாங்கினால், தேதி இல்லாத துண்டு உங்கள் கைக்கு வந்துவிடும். வெட்டுவதற்கு முன்பே முழு அட்டையை அவள் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.