வரி வருது!

சனிக்கிழமை காலை எட்டு மணி. நான் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். என் வார இறுதிகளில் பெரும்பகுதி அங்கேதான் கழிகிறது. அங்கிருந்து பார்த்தால் காரேஜ் வாசலில் மனைவியின் செருப்பு மட்டும் தெரியும். செருப்பு பேசியது.

"என்னங்க, கலிஃபோர்னியாவுல அம்பது வருஷத்துக்கு மேல பழைய காருக்கெல்லாம் புது வரி போடப் போறாங்களாம். மைலுக்கு முப்பது சென்ட்டாம். காலையிலேர்ந்து மூணு குரூப்ல வந்துடுச்சு."

குரலில் கவலை துளியும் இல்லை. அதில் இருந்தது நம்பிக்கை. பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் இதைக்கூடக் கண்டுபிடிக்காவிட்டால் எப்படி?

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1966 மாடல் ஃபோர்ட் மஸ்டாங். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் 16,000 டாலர் கொடுத்து வாங்கியது. வாங்கிய கையோடு லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலுக்குக் கொண்டுபோய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டோம். எலுமிச்சம்பழத்தைத் தாண்டியது. அன்றைக்கு அதற்கு மேல் எதையும் தாண்டவில்லை. பிளசன்டனுக்கு டோ டிரக்கின் முதுகில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஊர்வலமாகத்தான் வந்து சேர்ந்தது.

பிளசன்டனில் பழைய கார் வைத்திருப்பவனை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. குட்கைஸ் என்று ஓர் அமைப்பு, பேரிலேயே நல்லவர்கள், 1987 முதல் இங்கே அலமேடா கவுண்டி ஃபேர்கிரவுண்ட்ஸில் பெரிய கார் காட்சி நடத்திவருகிறது. காட்சி நாட்களில் ஊரெல்லாம் பெட்ரோல் வாசனை. எங்கள் தமிழ்க் குழுவில் ஆறு கார்கள். மற்றவர்கள் டிக்கியில் ஜாக்கி, ஸ்பானர் வைத்திருப்பார்கள். நாங்கள் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி வைத்திருப்போம். வண்டி நின்றுபோனால் உடனடியாகத் தேவைப்படுவது எது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே கிடையாது.

காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து அந்தச் செய்தியைப் படித்தேன். 'அவசரம்' என்று ஆரம்பித்து, நடுவில் நாலு வரி கணக்குப் போட்டு, 'குறைந்தது பத்து பேருக்காவது அனுப்பவும்' என்று முடிந்தது. எந்த அரசாங்க உத்தரவும் பத்து பேருக்கு அனுப்பச் சொல்லி முடியாது. சந்தோஷி மாதா கடிதாசுதான் அப்படி முடியும். இது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைப்பதற்குள் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். மேலே, எல்லாப் பொறுப்பையும் கழற்றிப்போடும் அந்த மந்திரத்தையும் எழுதினேன்: "உண்மையான்னு தெரியல. எதுக்கும் இருக்கட்டும்னு போடறேன்."

பிறகு உட்கார்ந்து யோசித்ததில் எனக்கே சில சங்கடங்கள் தோன்றின. மைலுக்கு முப்பது சென்ட் என்றால் மைலை யார் எண்ணுவது? என் காரின் ஓடோமீட்டரில் ஐந்தே இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். அதுவும் முந்தைய உரிமையாளர் காலத்திலேயே 41,000-இல் நின்று தியானத்தில் அமர்ந்துவிட்டது. அப்புறம், கார் தானாக ஓடிய மைலுக்கு மட்டும்தான் வரியா? டோ டிரக்கில் ஏறிப்போன மைலுக்கும் உண்டா? உண்டென்றால் நான் திவால்.

நெருப்பில்லாமல் புகையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மைலுக்கு இவ்வளவு என்று சாலைக் கட்டணம் வாங்கலாமா என்று கலிஃபோர்னியா நிஜமாகவே சோதித்துப் பார்த்தது. 2014-இல் சட்டம் போட்டு, 2016 ஜூலையிலிருந்து 2017 மார்ச் வரை ஐயாயிரத்துக்கும் அதிகமான வண்டிகளை வைத்து ஒத்திகை நடத்தினார்கள். மின்சாரக் கார்கள் பெருகினால் பெட்ரோல் வரி வற்றிப்போகும், பிறகு ரோடு போட யாரிடம் கேட்பது என்ற கவலை. ஒத்திகையில் யாரிடமும் நிஜப் பணம் வாங்கவில்லை. காகிதத்தில் பில், காகிதத்தில் கட்டணம். அதற்குப் பிறகு எங்கேயாவது ஒரு கமிட்டி இருமினால் போதும், வாட்ஸாப்பில் வரி அமலுக்கு வந்துவிடும்.

குழுவில் முதல் பதில் எல்டரேடோ அண்ணனிடமிருந்து வந்தது. மதுரைக்காரர், பக்கத்து டப்ளினில் இருக்கிறார். "தம்பி, இது நெசம். எனக்குப் போன வாரமே தெரியும்." எந்தச் செய்தியும் அவருக்குப் போன வாரமே தெரிந்துவிடும்.

வதந்தியை நம்புவதற்கு அண்ணனுக்குத் தனி உரிமை உண்டு. அவர் வைத்திருக்கும் காரே ஒரு வதந்தியின் குழந்தை. 1976 கேடிலாக் எல்டரேடோ கன்வெர்ட்டிபிள். பதினெட்டு அடிக்கு மேல் நீளம், 8.2 லிட்டர் எஞ்சின். எழுபதுகளில் அமெரிக்காவில், கூரை மடிக்கும் கார்களுக்கு அரசாங்கம் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தடை போடப் போகிறது என்று பலமான பேச்சு. கம்பெனிகள் ஒவ்வொன்றாக அந்த மாடல்களை நிறுத்தின. 'இதுதான் கடைசி' என்று கேடிலாக் 1976-இல் சுமார் பதினாலாயிரம் கார்களைச் செய்து விற்றது. ஜனங்கள் முண்டியடித்தார்கள். பேரன் காலத்தில் பொன்னாகும் என்று வாங்கி, ஓட்டாமல் போர்த்தி வைத்தவர்கள் உண்டு. தடை வரவே இல்லை. 1984-இல் கேடிலாக்கே எல்டரேடோ கன்வெர்ட்டிபிளை மறுபடி செய்து கடையில் நிறுத்தியது. போர்த்தி வைத்தவர்களில் சிலர் கோர்ட்டுக்கே போனார்கள். அண்ணனிடம் இந்தக் கதையைச் சொன்னால், "அது வேற வதந்தி தம்பி, இது நெசம்" என்பார்.

அவருக்கு இன்னொரு காயமும் உண்டு. கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை கிடையாது. அவருடையது 1976. எஸ்.எஸ்.எல்.சி.யில் ஒரு மார்க்கில் ஃபெயிலானவன் முகத்தோடுதான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போய்வருகிறார். முன்பு முப்பது வருடம் ஆன கார் எல்லாமே தப்பிக்கும் என்று சட்டம் இருந்தது. 2004-இல் அதை 1975-ஓடு உறையவைத்துவிட்டார்கள். 35 வருடம் ஆன சேகரிப்புக் கார்களை விட்டுவிடலாம் என்று 2025-இல் ஒரு மசோதா வந்தது. தொலைக்காட்சி ஜே லெனோவே சாக்ரமென்டோ போய் வாதாடினார். ஆகஸ்டில் கமிட்டி அதைச் சத்தமில்லாமல் படுக்கவைத்துவிட்டது. அண்ணன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

இந்த மாநிலத்துக்காரர்கள் கார் வரி என்றால் பதறுவதற்கும் சரித்திரம் உண்டு. 2003-இல் கவர்னர் கிரே டேவிஸ், 0.65 சதவீதமாக இருந்த வாகன உரிமக் கட்டணத்தைப் பழையபடி 2 சதவீதத்துக்கு ஏற்றினார். அக்டோபரில் ஜனங்கள் அவரையே இறக்கிவிட்டார்கள். மின்வெட்டுக் கோபம் போல வேறு காரணங்களும் இருந்தன, ஆனாலும் மூன்று மடங்கு பில் கையில் இருந்தது. எதிர்த்து நின்ற ஆர்னால்ட் ஷ்வார்ஸ்னேகர், கார் வரியை நொறுக்குகிறேன் பார் என்று, கிரேனிலிருந்து இரும்புக் குண்டைப் போட்டு ஓர் ஓல்ட்ஸ்மொபீலை நசுக்கிக் காட்டினார். ஜெயித்துப் பதவியேற்ற அன்றே ஏற்றிய கட்டணத்தை ரத்தும் செய்தார். வரி போனது சரி. அந்த ஓல்ட்ஸ்மொபீல் என்ன பாவம் செய்தது என்று எங்கள் குழுவில் இன்றைக்கும் வருத்தம்.

இதற்கு நடுவில் திருச்சியில் இருக்கும் மாமனார் நினைவுக்கு வந்தார். அவரிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கிறது, மெட்ராஸில் செய்தது. போர்டிகோவை அடைத்துக்கொண்டு நிற்பதால் அதை விற்றுவிடச் சொல்லி மாமியார் கால் நூற்றாண்டாகப் போராடிவருகிறார். 2024 டிசம்பர் கடைசியில் மாமா போன் செய்தார். "மாப்ள, கேட்டீங்களா? பழைய காரை நஷ்டத்துக்கு வித்தாலும் நஷ்டத்துக்குப் பதினெட்டு பர்சென்ட் ஜி.எஸ்.டி.யாம்!"

நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பேட்டியில் சொன்ன 12 லட்சம், 9 லட்சம் உதாரணம் துண்டு வீடியோவாகக் கிளம்பி ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. பன்னிரண்டுக்கு வாங்கி ஒன்பதுக்கு விற்றால் மீதி மூன்றுக்கு வரி என்று வீட்டுக்கு வீடு கணக்குப் போட்டார்கள். அந்த வரி பழைய கார் வியாபாரம் செய்யும், பதிவு பெற்ற ஆட்களுக்குத்தான். அதுவும் லாபத்துக்கு மட்டும். வீட்டுக் காரை இன்னொருவருக்கு விற்பவருக்கு ஒன்றுமே இல்லை என்று அரசாங்கம் விளக்கியது. விளக்கத்தை யார் ஃபார்வர்டு செய்வார்கள்? அதே பேட்டியில் சாதா பாப்கார்னுக்கு ஒரு வரி, கேரமல் பாப்கார்னுக்கு வேறு வரி என்று சொல்லியிருந்தார்கள். அதற்கப்புறம் எதைச் சொன்னாலும் நம்பும் பக்குவத்தில் நாடு இருந்தது.

நான் மாமாவுக்குப் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லாம் சரி மாப்ள. இதை உங்க அத்தைகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். ஹெரால்ட் இன்னும் போர்டிகோவில்தான் நிற்கிறது.

எங்கள் வரிக்கு வருகிறேன். பத்து நாள் கழித்து மோட்டார் வாகனத் துறையான டி.எம்.வி.யிலிருந்து பதிவுப் புதுப்பிப்புக் கடிதம் வந்தது. மனைவி சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்து, தீபாராதனைத் தட்டு மாதிரி என் முன்னால் வைத்தாள். பிரித்தேன். வழக்கமான கட்டணங்கள் எல்லாம் வழக்கம்போல. புது வரி எதுவும் இல்லை. காரின் மதிப்பைப் பொறுத்த உரிமக் கட்டணம் என்ற வரியில் மட்டும் கண் நின்றது. 16 டாலர்.

அவர்கள் கணக்கு இப்படி: வாங்கிய விலையிலிருந்து வருடாவருடம் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வந்து, பதினோராம் வருடத்தில் 15 சதவீதத்தில் நிறுத்திவிடுவார்கள். அதாவது என் மஸ்டாங் இப்போது 2,400 டாலர். ஒவ்வொரு வருடமும் மதிப்பு ஏறுகிறது, இது முதலீடு என்று பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் நான் சொல்லிவருகிறேன். மைலுக்கு முப்பது சென்ட் என்றபோது பயந்தேன்தான். ஆனால் வரி போடும் அளவுக்கு என் காரையும் ஒருவன் மதித்தானே என்று உள்ளூர ஒரு குளுமை இருந்ததை இப்போதுதான் உணர்ந்தேன்.

"பதினாறு டாலரா?" என்றாள் மனைவி. "காஸ்ட்கோ கார்டுக்கே நாம இதைப்போல நாலு மடங்கு கட்டறோமே."

நான் பதில் சொல்லாமல் எழுந்து காரேஜுக்குப் போய்க் காருக்கு அடியில் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் செருப்பு வந்தது.

"என்னங்க, அந்த வரி மெசேஜை அழிச்சுட்டீங்களா?"

"இருக்கு. எதுக்கு?"

"அம்மாவுக்கு அனுப்பணும். கலிஃபோர்னியான்னு இருக்கற எடத்துல தமிழ்நாடுன்னு மாத்திட்டா போதும், இல்ல?"