டார்க்குக்கு உரை எழுதுபவர்

காலை எட்டு மணி வாக்கில் கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி ஏறினால், மூன்றாவது வரிசை ஜன்னல் சீட்டில் அவர் இருப்பார். வயது 33. போன வருஷமும் 33தான், அதற்கு முந்தைய வருஷமும் 33தான். மடியில் டிபன் பை. அதன் மேல் நான்காக மடித்த சார்ட் பேப்பர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தவளையின் வாழ்க்கைச் சுழற்சி வரைவார்களே, அதே சார்ட். இவர் வரைந்திருப்பது, ஜெர்மனியில் விண்டன் என்ற இல்லாத ஊரில் இருக்கும் நான்கு குடும்பங்களின் வம்சாவளி. பச்சை ஸ்கெட்ச் 2019, சிவப்பு 1986, நீலம் 1953. கறுப்பு எதற்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆலப்பாக்கம் தாண்டும்வரை விடமாட்டார்.

‘டார்க்’ நெட்ஃபிளிக்ஸில் வந்த ஜெர்மன் தொடர். 2017 டிசம்பரில் ஆரம்பித்து, மூன்று சீசன், 26 எபிசோடு ஓடி, 2020 ஜூனில் முடிந்தது. ஊர்க் குகைக்குள் நுழைந்தால் 33 வருஷம் முன்னேயோ பின்னேயோ போய் விழலாம். இவர் வயது ஏன் நகரவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். கதை முடிந்தும் விவாதம் முடியவில்லை. முடிந்துவிட்டால் இவருக்கு என்ன வேலை?

இவரை ரசிகர் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும். இவர் உரையாசிரியர். ரசிகனுக்குக் கதை தனக்குப் புரிந்தால் போதும். உரையாசிரியருக்கோ அடுத்தவனுக்குப் புரியாமல் இருக்க வேண்டும். நச்சினார்க்கினியர் ‘மாட்டு’ என்று சொல்லிப் பாட்டின் தலையில் கிடக்கும் சொல்லை வாலில் கிடக்கும் சொல்லோடு முடிச்சுப் போடுவார், தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். நம்மவரும் அந்தப் பரம்பரைதான். முதல் சீசனில் சுவரோரம் மங்கலாகத் தெரிந்த ஒன்றை மூன்றாம் சீசனின் ஏழாம் எபிசோடில் கொண்டுபோய் மாட்டுவார். “அந்த இடத்துல பாஸ் பண்ணிப் பாத்தியா?” என்பார். பார்க்கவில்லை என்றால் ஓர் அனுதாபச் சிரிப்பு. பார்த்தேன் என்றால், “நல்லாப் பாக்கல.”

அந்த ஏழாம் எபிசோடுதான் இவருடைய சொத்து. 1888இலிருந்து 2040கள் வரை தத்தித் தத்திப் போகும். எலிசபெத்தின் அம்மா சார்லட். சார்லட்டின் அம்மா எலிசபெத். அந்த அம்மாவும் மகளும் சேர்ந்துபோய், தொட்டிலில் கிடக்கும் கைக்குழந்தை சார்லட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதாவது சார்லட் தன்னைத் தானே திருடுகிறாள். உலகமே தலையைப் பிய்த்துக்கொண்ட இடம். எனக்கு என்னவோ பெரிய அதிர்ச்சியாக இல்லை. மகளைப் பார்த்து ‘என்னைப் பெத்த தாயே’ என்று தினமும் கொஞ்சுகிற ஊர் நம்முடையது.

புதுச்சத்திரத்தில் எதிர்க்கட்சி ஏறும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி செய்யும் தம்பி, சொந்த ஊர் சிதம்பரம். இரண்டு பேரும் 2020 ஊரடங்கில் போனில் ஆரம்பித்த சண்டை இது. செப்டம்பர் 1ஆம் தேதி மாவட்டத்துக்குள் பஸ் விட்டார்கள். சண்டையும் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டது.

“அண்ணே, ஒரே ஒரு கேள்வி. அம்மா, பொண்ணு ரெண்டு பேர்ல முதல்ல பொறந்தது யாரு?”

“முதல்லங்கிற வார்த்தையே அங்க கெடையாதுப்பா.”

“இங்க இருக்கு. முதல்ல டிக்கெட் எடுங்க” என்றார் கண்டக்டர்.

தம்பி லேசில் அடங்குகிறவர் இல்லை. சிதம்பரத்துக்காரர் என்றதும் ‘ரகசியம்’ என்று எழுதத் துடிக்கும் கையை அடக்கிக்கொள்கிறேன். அவர் எடுத்து வீசியது வேறு கதை. தில்லைக் கோயிலில் பூட்டிய அறைக்குள் இருந்த தேவார ஓலைகளை ராஜராஜன் கேட்டபோது, பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும் என்று தீட்சிதர்கள் சொன்னார்களாம். மூவரும் போய்ச் சேர்ந்து பல தலைமுறை ஆகிவிட்டது. “ஆயிரம் வருஷம் முன்னாடியே எங்க ஊர்ல டைம் டிராவல் கேட்டுருக்காங்கண்ணே. ராஜா குகையைத் தேடி அலையல. மூணு பேர் சிலையையும் தூக்கிட்டு வந்து நிறுத்தினாரு, கதவு திறந்துச்சு. ஒரே எபிசோடு.”

“அந்த மூணு பேர்ல அப்பர் எங்க திருப்பாதிரிப்புலியூர்ல கரையேறினவரு, ஞாபகம் வெச்சுக்க” என்றார் உரையாசிரியர். வாதத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. ஆனாலும் கடலூர்க்காரர்கள் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

வீட்டில் இவர் பாச்சா பலிக்காது. இதை அவரே சொன்னார், கொஞ்சம் வருத்தமாகத்தான். தொடரில் ஜோனாஸும் மார்த்தாவும் காதலர்கள். மார்த்தாவின் தம்பி மிக்கேல் 2019இலிருந்து 1986க்குள் போய் விழுந்து, அங்கேயே வளர்ந்து, ஜோனாஸுக்கு அப்பாவாகிவிட்டான். ஆங்கில சப்டைட்டிலில் ‘ஆன்ட்டி’ என்று போட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். சித்தியா, பெரியம்மாவா, மாமியா, ஒன்றும் விளங்காது. கடலை உரித்துக்கொண்டிருந்த இவர் அம்மா நிமிர்ந்து கேட்டாராம்: “அப்பன் கூடப் பொறந்தவன்னா அத்தைடா! அத்தை பொண்ணைக் கட்டலாம், அத்தையவே கட்டுவானா? எடுத்தவன் முறை தெரியாதவனா?” அதோடு எழுந்து போய்விட்டார். போகிறபோக்கில், சன் டிவியில் ‘விடாது கருப்பு’ இரண்டு காலத்தை மாற்றி மாற்றிக் காட்டியபோது தாங்கள் சார்ட் எதுவும் போடாமல்தான் பார்த்தோம் என்று வேறு சொல்லிவிட்டார்.

அப்பா அதற்கு மேல். அவர் 1960இல், சார்வரி வருஷம் பிறந்தவர். மூன்றாம் சீசன் வந்த 2020உம் சார்வரிதான். “முப்பத்து மூணு என்னடா கணக்கு? நமக்கு அறுபது. அதே வருஷத்துக்குத் திரும்பி வந்து உக்காந்திருக்கேன், எனக்கு எவன் படம் எடுத்தான்?”

ஒருநாள் பஸ்ஸில் நடந்ததைச் சொல்லவேண்டும். சார்ட்டை முழுசாக விரித்து, ஸ்கெட்ச் பேனாவின் மூடியால் ஒரு கோட்டைத் தொட்டு விளக்கிக்கொண்டிருந்தார். முன்சீட்டில் துண்டு போட்ட பெரியவர் ஒருவர் முழுக்கத் திரும்பி உட்கார்ந்து, சார்ட்டை நிதானமாகப் படித்தார். பெட்டிகள், கோடுகள், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு.

“பங்காளி வழக்கா தம்பி?”

“இல்லிங்க ஐயா, இது ஒரு சீரியல்.”

“சரி. இந்தம்மாவுக்கு வாரிசு யாரு?”

“இந்தப் பொண்ணு.”

“இந்தப் பொண்ணுக்கு?”

“...இந்தம்மா.”

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “நெலம் இருந்தா யாரு பேர்ல பட்டா மாத்துவாங்க? வாரிசுச் சான்றிதழ்ல யாருக்கு யாரு?”

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. இயற்பியல் தம்பி வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். உரையாசிரியரின் விரல் பச்சைக் கோட்டில் கிளம்பி, சிவப்பில் ஏறி, புறப்பட்ட பெட்டிக்கே வந்து நின்றது. அவர் அசரவில்லை.

“அது ரெண்டாவது தடவை பாக்கும்போது புரியுங்க ஐயா.”

“நான் முதல் தடவையே பாக்கலியேப்பா” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் முட்லூரில் இறங்கிப் போனார்.

வண்டி சிதம்பரம் போய்ச் சேருவதற்குள் சார்ட்டில் ஐந்தாவதாக ஒரு நிறம் ஏறியிருந்தது. பட்டாவுக்கு ஊதா.

நீங்கள் அந்த வண்டியில் போக நேர்ந்து, பக்கத்து சீட் காலியாக இருந்தால் தாராளமாக உட்காருங்கள், நல்ல மனிதர். ‘எனக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு’ என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். 45 கிலோமீட்டருக்கும் மனிதர் வாடிப்போய்விடுவார்.