ஒழுகுதலும் ஒழுக்கமும்: ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் ஆயில் லீக் குறித்த முன்னோடி ஆய்வு

தமிழில் கசிவியல் ஆய்வுகள் போதிய அளவு நிகழவில்லை என்பதை இக்கட்டுரையாளர் ஆழ்ந்த கவலையுடன் பதிவு செய்கிறார். ஆய்வுக் கட்டுரை என்றால் கவலையில்தான் தொடங்க வேண்டும். அடுத்து 'ஆய்வு இடைவெளி' ஒன்றைக் காட்ட வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பவே தாம் பிறந்ததாகவும் சொல்லிவிட வேண்டும். அண்மையில் நான் உட்கார்ந்திருந்த ஒரு கருத்தரங்கில் கவலைக்கே முக்கால் மணி நேரம் போனது. பொருளுக்கு வந்தபோது சாப்பாடு தயார் என்று சொல்லிவிட்டார்கள். என் ஆய்வில் அந்தக் குறை இல்லை. இடைவெளி நிஜமாகவே இருக்கிறது, எஞ்சினுக்கும் அதன் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கும் நடுவில். அதன் வழியாகத்தான் ஆயில் போகிறது.

ஆய்வுப்பொருள் எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்து மண்ணின் மைந்தன். 1948இல் சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி, வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் 1961 முதல் செய்த ஹெரால்ட். இதன் மூலமான இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுக்கு உருவம் வரைந்தவர் மிகெலோட்டி என்ற இத்தாலியர். எஞ்சின் 948 சிசி. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒட்டுமொத்தமாக முன்பக்கம் கவிழும். முகத்தையே கழற்றி வைத்தாற்போல் இருக்கும். செங்கல்பட்டில் நான் எங்கே அதைத் திறந்தாலும் நான்கு பேர் கூடி ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். துறைசார் வல்லுநர் குழு எனக்கு அப்படித்தான் அமைந்தது.

முதலில் சொல்லாராய்ச்சி. அது இல்லாவிட்டால் தமிழில் ஒரு நட்டைக்கூடக் கழற்ற அனுமதியில்லை. பொசிதல், கசிதல், சொட்டுதல், ஒழுகுதல், வழிதல் என ஐந்து நிலைகள். பொசிந்தால் தூசி ஒட்டும். கசிந்தால் துடைக்கலாம். சொட்டினால் அட்டை போட வேண்டும். ஒழுகினால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து பேசுவார். வழிந்தால் வண்டியை விற்றுவிடலாம். 'ஒழுகு' என்ற வேரிலிருந்தே 'ஒழுக்கம்' வந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு கிடையாது. இடைவிடாமல் ஒரே வழியில் செல்வது ஒழுக்கம் எனில், நாள் தவறாமல் ஒரே இடத்தில் சொட்டும் என் வண்டியைவிட ஒழுக்கமான பொருள் இந்தத் தெருவிலேயே இல்லை. வள்ளுவர் ஒழுக்கமுடைமைக்குப் பத்துக் குறள்தான் ஒதுக்கினார். அவரிடம் ஹெரால்ட் இல்லை.

மூலச் சான்றுகள்: இரவில் வண்டிக்கடியில் விரித்த ஃபிரிட்ஜ் பெட்டி அட்டைகள், மொத்தம் பதினொன்று. இவற்றை இனி 'அட்டைச் சுவடிகள்' என்போம். அட்டை 1இல் ஒரு சொட்டு. அட்டை 2 காணவில்லை; மாடு தின்றது (பால்காரர், வாய்மொழி). அட்டை 3 முதன்மையானது. எட்டு சொட்டுகள், அவற்றில் ஏழு கியர்பாக்ஸ் தொடங்கும் இடத்துக்கு நேர் கீழே. எட்டாவது டீ என்பது பின்னர் நிறுவப்பட்டது (அட்டை 3, வலது மூலை, கரப்பான் தடத்துக்குக் கிழக்கே). அட்டை 4 முதல் 11 வரை அட்டை 3ஐ வழிமொழிகின்றன. பெரும்பாலான ஆய்வேடுகள் இப்படித்தானே உருவாகின்றன!

இந்தச் சுவடிகளை வைத்து இரண்டு பள்ளிகள் எழுந்தன. வண்டியில் ஒரே ஒரு ஓட்டைதான் என்பது ஒருமூலப் பள்ளி. டேப்பட் கவர், பெட்ரோல் பம்ப் பேக்கிங், டிரெயின் போல்ட் வாஷர் என ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொன்று போயிற்று என்பது பன்மூலப் பள்ளி. இந்த வட்டாரத்துக்கு இந்தச் சண்டை புதிதல்ல. மாமல்லபுரத்துச் சிற்பங்கள் பல பல்லவ அரசர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தவை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தபோது, எல்லாம் ராஜசிம்மன் என்ற ஒரே பல்லவனுடைய வேலையே என்று 1962இல் தொல்லியலாளர் இரா. நாகசாமி எழுதினார். அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. என் டேப்பட் கவரும் ஒழுகத்தான் செய்தது. அதன் இரண்டு நட்டையும் பலம் காட்டி முறுக்கியதில் தகடே வளைந்திருந்தது. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

ஒருமூலப் பள்ளியின் தலைமகன் டீக்கடை பெஞ்சின் வடமுனையில் அமர்பவர். "பின் சீல் போயிருச்சு சார், கியர்பாக்ஸ எறக்கணும்" என்றார் (பெஞ்ச், வடமுனை, வாய்மொழி, மழையால் உரை பாதியில் நின்றது). ஹெரால்டில் கியர்பாக்ஸ் இறங்காது, ஏறும். முன் சீட்டைக் கழற்றி, வண்டிக்குள்ளிருந்துதான் அதைத் தூக்க வேண்டும். தவிர, இந்தப் பழைய எஞ்சினில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. கிராங்க்கின் வாலில் மறை மாதிரி ஒரு சுருள் வெட்டியிருப்பார்கள். சுழலும்போது அது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். சுழலாதபோது என்ன செய்யும் என்பதை வடிவமைத்தவர்கள் கிராங்க்கின் மனசாட்சிக்கு விட்டுவிட்டார்கள். ஆகவே பெஞ்சின் கூற்று முற்றிலும் தவறல்ல. இல்லாத ஒன்று போய்விட்டது என்று சொன்னார், அவ்வளவே.

கள ஆய்வுக்காகச் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை, ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஓட்டிப் போனேன். திருக்கழுக்குன்றத்தில் நிறுத்திப் பார்த்தபோது மூன்று சொட்டு. மலைக்கு நாள்தோறும் வந்த கழுகுகள்கூட வருவதை நிறுத்திவிட்டன. ஆயில் வருவது நிற்கவில்லை.

மாமல்லபுரத்தில் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தின் முன் நின்றபோதுதான் திறப்பு நேர்ந்தது. அது அர்ச்சுனன் தபசா, பகீரதன் தவமா என்று எத்தனையோ நூல்கள். பாறையின் நடுவே ஒரு பிளவு, பிளவில் நாகர்கள், உச்சியில் ஒரு தொட்டி இருந்த அடையாளம். எங்கள் மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டியிருந்தால் அரை நிமிடம் பார்த்துவிட்டு, "தண்ணி மேலேர்ந்து வருது சார், கீழ பாத்துக்கிட்டு என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். சிற்பத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் முனிவரைப் பார்த்து, கையைத் தூக்கிப் பொய்த்தவம் செய்கிற பூனையும் இருக்கிறது. இரண்டு மாதம் வண்டிக்கடியில் டார்ச்சோடு கிடந்த நான் அந்தப் பூனையை நேராகப் பார்க்கவில்லை.

மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஒரு சுவடியையும் கேட்கவில்லை. அடிப்பக்கம் முழுக்க மண்ணெண்ணெய் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, காய்ந்ததும் சாண்டல் பவுடரை அப்பினார். எஞ்சினை ஓடவிட்டோம். பத்து நிமிடத்தில், திருநீறு பூசியது போலிருந்த சம்ப்பில் ஈரக்கோடு ஒன்று எழுந்தது. பின்னால் அல்ல, முன்னால். "இங்கேர்ந்து வருது. வண்டி போற காத்துல பின்னாடி போய்ச் சொட்டுது" (மேலது. வண்டிக்கு அடியிலிருந்து சொல்லப்பட்டமையால் இதைக் 'கீழது' என்று சுட்டுவதே முறை. சுட்டும்போது ஸ்பேனர் விழுந்த ஒலியையும் அடைப்புக்குறிக்குள் சேர்க்க வேண்டும் என்பாருமுளர்.)

ஈரம் வந்த இடத்தில், சம்ப்புக்கு மேலே, ஓர் அலுமினியக் கட்டை உண்டு. அதன் இரு முனையிலும் எஞ்சின் பிளாக்குக்கு நடுவே சிறு சந்து. அந்தச் சந்தை அடைக்க இங்கிலாந்துப் பொறியாளர்கள் பயன்படுத்திய பொருள் மரம். இரும்பும் அலுமினியமும் கலந்த எஞ்சினுக்குள், கொதிக்கும் ஆயிலுக்குப் பக்கத்தில், இரண்டு மரச் சில்லுகள். அதாவது ஆப்பு.

இங்கே ஆய்வாளர் சற்று உட்கார்ந்துகொள்ள அனுமதி வேண்டுகிறார். மாமல்லபுரத்துப் பாறைகளில் இன்றும் வரிசை வரிசையாகச் சிறு குழிகளைப் பார்க்கலாம். கல்லைப் பிளக்க வெட்டிய ஆப்புக்குழிகள். காய்ந்த மர ஆப்பை இறுக்கித் தண்ணீர் ஊற்றினால் அது ஊறிப் பருத்துக் கல்லைப் பிளக்கும் என்பார்கள். அதே ஆப்பு அங்கே இருப்பதைப் பிளக்கிறது, என் எஞ்சினில் பிளந்ததை அடைக்கிறது. பல்லவருக்கும் டிரையம்புக்கும் தொழில்நுட்பத் தொடர்பு இருந்ததா என்ற கேள்வியை இதுவரை எவரும் எழுப்பவில்லை. எழுப்பினால் நிதி கிடைக்கும் என்றே தோன்றுகிறது. பேச்சுவழக்கில் 'ஆப்பு வைத்தல்' ஒருவருக்குக் கெடுதல் செய்வதைக் குறிக்கிறது. எனக்கு ஆப்பு வைத்தவர் முன்பு இந்த எஞ்சினைப் பிரித்த ஒருவர். அதுவும் எப்படி? ஆப்பை வைக்காமல்! பழைய சில்லுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சந்தில் சிலிகான் பேஸ்ட்டைப் பிதுக்கி மூடியிருந்தார். ஆப்பைப் பிடுங்கிய குரங்குக்கு வால் போயிற்று. இவர் பிடுங்கியதில் எனக்கு ஆயில் போயிற்று. கதையின் இந்தப் பாடபேதம் சுவடிகளில் இல்லை.

புது ஆப்பு எங்கே வாங்குவது? மெக்கானிக் பையனைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தார். பையன் இரண்டு குச்சி ஐஸோடு வந்தான். ஒன்றை அவன் தின்றான், இன்னொன்றையும் அவனே தின்றான். குச்சிகளைக் கழுவி வெயிலில் உலர்த்தி, பிளேடால் ஒரு முனை மெலியச் சீவிக் கொடுத்தான். மெக்கானிக் அவற்றில் பேஸ்ட் தடவி, சந்தில் வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கினார். நீட்டிக்கொண்டிருந்ததைச் சம்ப்பு உட்காரும் மட்டத்துக்கு அறுத்துவிட்டார். புது பேக்கிங் வைத்துச் சம்ப்பை ஏற்றி, போல்ட்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். அன்றிரவு அட்டை 12 வெறுமையாக இருந்தது.

பில் கேட்டேன். கையில் வேறு காகிதம் அகப்படாததால் அட்டை 3ஐத் திருப்பி அதன் முதுகில் எழுதித் தந்தார். சம்ப் பேக்கிங், பேஸ்ட், ஆயில், கூலி. கடைசி வரி: 'ஐஸ் 2 – ரூ. 20. குச்சி – இல்ல.'