உனக்கு வருதா?

காலை ஆறரை மணிக்கு அம்மா என் அறை வாசலில் வந்து நின்று, "உனக்கு வருதாடா?" என்றாள். எழுபத்தெட்டு வயதில் ஒருவர் இப்படிக் கேட்டால் அது இருமலாகவும் இருக்கலாம், கார்ப்பரேஷன் தண்ணீராகவும் இருக்கலாம். நான் யோசிப்பதற்குள் கையிலிருந்த போனைத் திருப்பிக் காட்டினாள். திரை நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பஞ்சாங்க ஆப் திறக்கவில்லை. ஏகாதசி இன்றைக்கா நாளைக்கா என்று தெரியாமல் இட்லி ஊற்ற முடியாது. சமையலறைச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கத்தான் செய்கிறது. யாரும் கிழிக்காததால் அங்கே இன்னும் போன மாதம் நடந்துகொண்டிருந்தது.

கரண்ட் போனால் நாம் முதலில் பார்ப்பது எதிர்வீட்டை. அங்கேயும் இருட்டு என்றால் பாதி வெக்கை அப்போதே அடங்கிவிடும். நெட்டில் இந்த வசதி இல்லை, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எதிர் ஃபிளாட்டின் காலிங் பெல்லை அழுத்தினேன். அவருக்கும் இல்லை. மனசு குளிர்ந்தது.

தெருமுனையில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த பொக்லைன் இரவோடு இரவாகக் கேபிளைக் கொத்திவிட்டது. வீட்டு இணைப்பு போனால் போகட்டும், போனில் டேட்டா இருக்கிறதே என்று நிமிர்ந்தேன். அதுவும் இல்லை. செல்போன் டவர் எல்லாவற்றையும் காற்றிலேயே செய்துவிடும் என்பது என் நெடுநாள் நம்பிக்கை. டவரின் காலடியிலிருந்து மண்ணுக்குள் ஓடுவதும் ஃபைபர்தான் என்று பள்ளத்தைச் சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவர் விளக்கினார். எந்தப் பள்ளத்தின் ஓரத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். எட்டிப் பார்த்தேன். அறுந்த கறுப்புக் குழாயின் முனையில் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று தலைமுடி கனத்தில் இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. இவ்வளவு மெல்லிசான ஒன்றின் வழியாகவா என் சம்பளமும் அம்மாவின் ஏகாதசியும் வந்துகொண்டிருந்தன?

2011 மார்ச்சில் ஜார்ஜியா நாட்டில் 75 வயதுப் பாட்டி ஒருவர், விற்கச் செப்புக் கம்பி கிடைக்குமா என்று மண்ணைக் கிளறப் போய், ஆர்மீனியாவுக்குப் போகும் கேபிளை மண்வெட்டியால் வெட்டிவிட்டார். ஆர்மீனியாவின் பெரும்பகுதி பல மணி நேரம் இணையம் இல்லாமல் கிடந்தது. இத்தனை டன் இரும்பை வைத்துக்கொண்டு எங்கள் பொக்லைனால் நாலு தெருவைத்தான் முடக்க முடிந்தது.

இந்தியாவில் இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட நாள் 1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். நல்ல நாள் பார்த்துத்தான் ஆரம்பித்தது. சுதந்திர தினமும் அதுவுமாக அடிமைச் சாசனம் எழுதிக் கொடுத்தது நாம்தான். நான் கையெழுத்துப் போட இன்னும் நாலைந்து வருடம் ஆனது. அப்போது நெட் பார்ப்பது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற காரியம். பிரவுசிங் சென்டரில் ஏசி, பிளைவுட் தடுப்பு, மணிக்கு முப்பது ரூபாய். என்னென்ன தேட வேண்டும் என்று வீட்டிலேயே துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவேன், மளிகைக்குப் போகிற மாதிரி. நாற்பது நிமிடத்தில் சீட்டு தீர்ந்துவிடும். மீதி இருபது நிமிடத்துக்கு உலகத்தில் தேடுவதற்கு ஒன்றுமே இருக்காது. அந்த ஆளை இன்று எங்கேயாவது பார்த்தால் காலில் விழுவேன்.

பிறகு வீட்டுக்கே டயல்-அப் வந்தது. மோடம் கிர்ரென்று கத்தி, கனைத்து, சேர்வதற்குள் காபி ஆறிவிடும். சித்தியிடம் பேச அம்மா ரிசீவரை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும். "உள்ள யாரோ கத்தறாங்கடா" என்பாள். ஜார்ஜியப் பாட்டியைச் சொல்கிறேனே, என் வீட்டு இணையத்தை நினைத்தபோதெல்லாம் வெட்டியவள்தான் இன்று ஆறரை மணிக்கு அதைக் கேட்டு வந்து நிற்கிறாள்.

சரி, ஒரு டீ குடித்தால் தெளியும் என்று கடைக்குப் போனேன். டீ பதினைந்து ரூபாய் என்பது பாதி கிளாஸ் காலியான பிறகுதான் உறைத்தது. பழக்க தோஷம், பாய்லர் பக்கத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டைக்கு நேராகப் போனை நீட்டினேன். வழக்கமாக என் பதினைந்து ரூபாயைத் தெருவுக்கே அறிவிக்கும் பெட்டி வாயைத் திறக்கவில்லை. போனைத் தலைக்கு மேல் தூக்கினேன். வெளியே வந்து கிழக்கே பார்த்து நின்றேன். தீபாராதனை காட்டுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினேன். மாஸ்டர் முகத்தில் கவலை. எனக்காக இல்லை, இன்னொரு கையில் ஆடிக்கொண்டிருந்த கிளாஸுக்காக.

நான் முன்யோசனை இல்லாதவன் அல்ல. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது பட்டது போதாதா? ஐநூறும் ஆயிரமும் செல்லாமல் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் பணமில்லை, புயலில் நெட்வொர்க் இல்லை, கார்டு மெஷின் இருந்தும் பிரயோஜனமில்லை. இனி இந்தக் கதி வரக் கூடாது என்று, புத்தம்புது நோட்டு ஒன்றைக் கவரில் போட்டு, மேலே 'அவசரத்துக்கு' என்று எழுதி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். "இதோ வரேன்" என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கவர் அப்படியே இருந்தது. பிரித்தேன். ரோஸ் நிறத்தில் இரண்டாயிரம் ரூபாய்.

2023 மே மாதம் ரிசர்வ் வங்கி இந்த நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தச் செய்தியைப் பத்துப் பேருக்கு ஃபார்வர்டு செய்தவனே நான்தான்.

சட்டப்படி அது இன்னும் செல்லும் என்று மாஸ்டரிடம் வாதாடிப் பார்த்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதைக் கண்ணால பாத்து எவ்ளோ நாளாச்சு சார்!" என்று பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கொடுத்தார். நோட்டு ஒரு சுற்று வந்தது. ஒருவர் போட்டோகூட எடுத்துக்கொண்டார், பாவம், அனுப்ப வழியில்லை. "பரவால்ல சார், அப்புறமா குடுங்க" என்று மாஸ்டர் காதிலிருந்த பேனாவை எடுத்தார்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் பேச மட்டும் ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. அங்கிருந்துதான் புகார் கொடுத்தேன். மத்தியானம் லைன்மேன் கூப்பிட்டார்.

"நங்கநல்லூர் வந்துட்டேன் சார். பள்ளம் எங்க இருக்கு? லொக்கேஷன் போடுங்க."

"நெட் இருந்தா போட மாட்டேனா? நீங்க கோயிலுக்குப் பக்கத்துல வந்து…"

"நங்கநல்லூர்ல எந்தக் கோயில் சார்?"

நியாயமான கேள்வி. கோயில் இல்லாத தெருவைச் சொன்னால்தான் இங்கே அடையாளம். மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது வலதா, மூன்றாவதா? எட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். இந்த எட்டு வருடமும் என் வீட்டுக்கு வழி சொன்னது நானில்லை, ஒரு நீலப் புள்ளி. ரேஷன் கடையில் தொடங்கி அவரை நான் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விட்டபோது, வடாம் காயப்போட வந்த அம்மா போனைப் பிடுங்கினாள்.

"தம்பி, அங்கேயே திரும்பு. பழைய பால் பூத் இருந்துச்சே, அதைத் தாண்டி, வர்தால ஒரு வேப்பமரம் விழுந்துச்சு பாரு, அந்த இடத்துல இடது பக்கம்."

இல்லாத பூத், இல்லாத மரம். பத்தே நிமிடத்தில் வந்து சேர்ந்துவிட்டார்.

பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்து, இழைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, டிபன் பாக்ஸ் அளவு மெஷினுக்குள் வைத்து ஒட்டிக்கொண்டே இருந்தார். ஏழு மணி வாக்கில் வந்துவிட்டது. ஏகாதசி அன்றைக்குத்தான். அம்மா மூன்று வேளையும் சாப்பிட்டு முடித்திருந்தாள். "நெட்டு இல்லாத நாள் கணக்குல சேராது" என்று சொல்லிவிட்டு சீரியலுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பாக்கியைத் தீர்க்கப் போனேன். மாஸ்டர் நோட்டைப் பிரித்தார். ஒரு பக்கம் முழுக்க எங்கள் தெரு. யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது. 'நாய்க்கார சார் 30', 'சி பிளாக் மேடம் 45', 'கண்ணாடி 15' என்று போய்க்கொண்டிருந்தது. நான் கண்ணாடிக்கு நேராக விரலை வைத்தேன்.

"அது நீங்க இல்ல சார்" என்று அவர் விரலைக் கீழே நகர்த்தினார். 'ரெண்டாயிரம் – 15' என்று எழுதியிருந்தது.